வழிகாட்டியோடு வியட்நாம், இருவர் மட்டும்: காசு கொடுத்து வாங்கிய கால அட்டவணையா?

தேனிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

மார்ச் முதல் வாரத்தில் நானும் மனைவியும் வியட்நாம் போய் வந்தோம். கல்யாணமாகி 25 வருடம். போகும் முன் இங்கே பழைய இழைகளைத் தோண்டித் தோண்டிப் படித்தேன். அந்தக் கடனுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது நாற்பது பேர் பஸ் இல்லை. இருவருக்கு மட்டும் கார், ஓட்டுநர், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி. திருச்சியிலிருந்து சைகோனுக்கு (இன்றைய பெயர் ஹோசிமின் நகரம்) நேரடி விமானம் (2023 நவம்பரில் தொடங்கிய தடம்). அங்கிருந்து ஹனோய் 2 இரவு, ஹாலாங் விரிகுடாவில் படகில் 1 இரவு, ஹோய் ஆனில் 3 இரவு, திரும்பச் சைகோனில் 2 இரவு. வெளிநாட்டு விமானச் சீட்டு நீங்கலாக இருவருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

ஹனோயில் சாலையைக் கடப்பதற்கே வழிகாட்டி தேவைப்பட்டார். பழைய நகரத் தெருக்களில் ஸ்கூட்டர்கள் நிற்பதே இல்லை. "நிற்காதீர்கள், ஓடாதீர்கள், ஒரே வேகத்தில் நடங்கள். அவர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள்" என்றார். மதுரையில் இருபது வருடம் வண்டி ஓட்டியவன் நான், எனக்கே அடிவயிறு கலங்கியது. மனைவி அவர் சொன்னபடியே நடந்து அந்தப் பக்கம் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்த வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். என் மனைவியைக் கூப்பிடும்போதெல்லாம் "ச்சி... ச்சி..." என்றார். முதல் இரண்டு தடவை அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அப்புறம்தான் விளக்கினார். அவர்கள் மொழியில் எல்லாரையும் ஒரே 'நீங்கள்' போட்டு அழைக்க முடியாதாம். மூத்த ஆண் 'ஆன்', மூத்த பெண் 'ச்சி', இளையவர் 'எம்'. நம் அண்ணன், அக்கா, தம்பி கணக்குத்தான். விமான நிலையத்தில் இறங்கியதும் எங்கள் வயதைக் கேட்டதும் இதற்காகத்தான். நான் ஏதோ மரியாதை தெரியாத ஆள் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் நிங் பின் பக்கம் தாம் கோக். வயல்களுக்கு நடுவே ஓடும் ஆறு, இருபுறமும் சுண்ணாம்புக்கல் குன்றுகள், ஆறு மூன்று குகைகளுக்குள் புகுந்து வெளியே வருகிறது. எங்கள் படகை ஓட்டிய அம்மாவுக்கு அறுபது இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், முதுகைச் சாய்த்தார், இரண்டு பாதங்களையும் துடுப்புப் பிடிகளில் வைத்து மிதிக்க ஆரம்பித்துவிட்டார். கை இரண்டும் சும்மா. ஒரு கையில் குடை, இன்னொன்றில் கைப்பேசி, யாரிடமோ வீட்டு விஷயம் பேசிக்கொண்டே வருகிறார், குதிகால் மட்டும் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. முதல் குகை 127 மீட்டர். உள்ளே நுழைந்ததும் கைப்பேசியை அணைத்துவிட்டார். தலைக்கு மேல் ஒரு முழத்தில் பாறை. தண்ணீர்ச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

கரை இறங்கும்போது இனாமாக 20,000 டோங் கொடுக்கலாம் என்று நினைத்தேன் (நம் காசில் 65 ரூபாய் சொச்சம்). பணப்பை மனைவியிடம். "அந்த நீல நோட்டு ஒன்று எடுத்துக் கொடு" என்றேன். இரவு அறையில் கணக்குப் பார்த்தால் 20,000 அப்படியே இருக்கிறது, 500,000 நோட்டு ஒன்றைக் காணோம். இரண்டும் நீலம், இரண்டிலும் அவர்கள் விடுதலைத் தலைவர் ஹோசிமின் படம், வழவழ பிளாஸ்டிக். அவள் கண்ணாடி போடாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சுமார் 1,700 ரூபாய் போச்சு. போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி என் குறை. இருவர் மட்டும் என்றாலும் அட்டவணை அட்டவணைதான். காலை 8:15 காரில் ஏற வேண்டும். 1070-இல் நிறுவிய இலக்கியக் கோயில், தேர்வில் வென்ற அறிஞர்களின் பெயர் பொறித்த 82 கற்பலகைகளைக் கல் ஆமைகள் முதுகில் சுமந்து அங்கே வரிசையாக நிற்கின்றன. அதற்கு இருபத்தைந்து நிமிடம்! ஹாலாங் போகும் வழியில் சாலையோரப் பெரிய கடையில் மட்டும் நாற்பது நிமிடம். ஹோசிமின் உடல் இருக்கும் மண்டபம் திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும். எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த திட்டத்தில் அது திங்கள்கிழமைதான் இருந்தது. ஹனோய் வழிகாட்டி பாவம், வெளியே நிற்கவைத்துப் படம் எடுத்துக் கொடுத்தார். முகவர் பெயரைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன்.

ஹாலாங்கில் பனிமூட்டம். டி டாப் தீவில் நானூறு படி ஏறி மேலே போனால் பாலைக் கரைத்து ஊற்றியது போல வெள்ளை. அதற்கு வழிகாட்டியும் என்ன செய்வார், மார்ச்சில் அங்கே அப்படித்தான் இருக்கும். யார் சொன்னார்கள் முன்கூட்டி? யாரும் சொல்லவில்லை.

ஆக, கேள்வி இதுதான். இருவராகப் போகும்போது வழிகாட்டி வேண்டுமா? எனக்கு வேண்டாம் என்றே தோன்றுகிறது. வீட்டில் வேறு தீர்ப்பு.

பட்ஜெட்பாண்டி

அண்ணே, இந்தக் காசில் பாதியில் முடித்திருக்கலாம். ஹனோயிலிருந்து தாம் கோக், ஹாலாங் இரண்டுக்கும் உட்கார வசதியான சிறு வேன்கள் ஓடுகின்றன. விடுதியில் சொன்னால் வாசலில் வந்து ஏற்றிக்கொள்வார்கள். ஊருக்குள் வாடகை வண்டிக்குக் கிராப் செயலி. விலை முன்னாடியே தெரிந்துவிடும், பேரம் பேசி மண்டை காய வேண்டாம். இ-சிம் ஒன்று போட்டால் வரைபடம், மொழிபெயர்ப்பு எல்லாம் கையில். நான் தனியாக 14 நாள் சுற்றினேன், ஒரு வழிகாட்டி முகத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம், இந்தியாவில் இருக்கும் முகவரிடம் வெளிநாட்டுத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். அது போன காசு இல்லை, வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். பலர் அதைக் கவனிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

கோவைமாமி

பாண்டி தம்பி, உங்களுக்கு வயசு இருபத்தெட்டு. முட்டி வலியோடு வேன் பிடிக்க நின்று பாருங்கள், தெரியும்.

தேனிக்காரரே, சாப்பாடு பற்றி ஒரு வரி இல்லையே? நாங்கள் சைவம். முட்டைகூடக் கிடையாது. அங்கே எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுவார்கள் என்று கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது.

தேனிக்காரன்

மாமி, நான் அசைவம், மனைவி செவ்வாய் வெள்ளி சைவம். அதனால் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

மீன் சாறு விஷயம் உண்மைதான். நுவொக் மாம் என்று பெயர். காய்கறி வதக்கலிலும் அது இருக்கும், கேட்டால் "காய்தானே" என்பார்கள். ஆனால் ஒரே ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றிவிடும். 'சாய்' என்றால் பௌத்த முறைச் சைவம். பெயர்ப் பலகையில் அந்தச் சொல் இருந்தால் மீன் சாறு கிடையாது. பல இடங்களில் வெங்காயம், பூண்டுகூடப் போட மாட்டார்கள். உங்களுக்குப் பழகிய விரதச் சமையல் மாதிரி. அங்கேயும் நிறையப் பேர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சைவம் சாப்பிடுகிறார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும். அந்த நாட்களில் சாதாரணக் கடையிலும் சைவம் வைத்திருப்பார்கள்.

இதை எங்களுக்குச் சொன்னது ஹோய் ஆன் வழிகாட்டி. அந்தப் பெண் சொல்லியிருக்காவிட்டால் தினம் இரவு பனீர் பட்டர் மசாலாதான். தொகுப்பில் 'இந்திய இரவு உணவு' என்று போட்டிருந்தார்கள். ஹனோயில் முதல் இரவு அதைச் சாப்பிட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது.

காபி பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். சின்ன அலுமினிய வடிகட்டியைக் கோப்பை மேலேயே உட்கார வைத்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பெயர் ஃபின். சொட்டுச் சொட்டாக இறங்குகிறது, அடியில் கெட்டிப் பால். நம் ஃபில்டரின் ஒன்றுவிட்ட தம்பி. ரொபஸ்டா வகைக் கொட்டை என்பதால் கசப்பு தூக்கல். ஹனோயில் முட்டைக் காபி என்று ஒன்று, 1946-இல் பால் கிடைக்காத காலத்தில் மஞ்சள் கருவை அடித்து நுரையாக்கிப் போட்டது. கேட்க ஒரு மாதிரி இருக்கும், குடித்தால் இனிப்புப் பண்டம். உங்களுக்கு அது ஆகாது, விடுங்கள்.

சைகோன்வாசி

வேலை நிமித்தம் ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன். சில விஷயங்களைத் தெளிவாக்கிவிடுகிறேன்.

வடக்கு, நடு, தெற்கு என்று ஒவ்வொரு பகுதிக்கும் வழிகாட்டி மாறுவார். மூன்று பேர் என்றால் மூன்று குணம். ஒருவர் சரியில்லை என்றால் மொத்தப் பயணத்தையும் எடை போடாதீர்கள்.

கடை நிறுத்தம் ஏன் வருகிறது? நீங்கள் வாங்கும் பொருளில் வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் பங்கு உண்டு. தொகுப்பு மலிவாக இருந்தால் அந்தப் பங்கை நம்பித்தான் அவர்கள் வண்டி ஏறுகிறார்கள். பட்டு, முத்து, மூங்கில் நார்த் துணி, அரக்குப் பூச்சு ஓவியம், பச்சைக்கல் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், கதை ஒன்றே. பதிவு செய்யும்போதே 'கடை நிறுத்தம் வேண்டாம்' என்று எழுத்தில் வாங்குங்கள். விலை கொஞ்சம் ஏறும், அதுதான் நிஜ விலை. வாயால் சொன்னால் செல்லாது.

நோட்டுக் குழப்பம் எல்லாருக்கும் நடப்பது. நான் 500,000 நோட்டுகளைத் தனி உறையில் வைத்துக்கொள்கிறேன். 10,000, 200,000 இரண்டும் இன்னொரு சோடி. பின்பக்கப் படத்தை வைத்தும் பிரிக்கலாம். 20,000-இல் ஹோய் ஆன் ஜப்பானியப் பாலம், 200,000-இல் ஹாலாங் பாறை, 500,000-இல் ஹோசிமின் பிறந்த ஊர் வீடு.

தேனிக்காரர் சைகோனில் இரண்டு இரவு இருந்திருக்கிறார், மாரியம்மன் கோயிலுக்குப் போனாரா என்று எழுதவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் வணிகர்கள் கட்டியது, ட்ருவொங் தின் தெருவில், பென் தான் சந்தையிலிருந்து நடந்தே போகலாம். 1975-க்குப் பிறகு தமிழர்களில் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். இன்று வரும் கூட்டத்தில் முக்கால்வாசி உள்ளூர் வியட்நாமியரும் சீனரும்தான். கருவறைக்குப் பின்னால் கற்சுவரில் நெற்றியை ஒட்டவைத்து வேண்டுதலை மெதுவாகச் சொல்வார்கள். நம்மூரில் இப்படி நான் பார்த்ததில்லை. நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் பக்கத்தில்தான். 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலும் நடை தூரம். இந்த மூன்றையும் எந்தத் தொகுப்பும் காட்டாது. கடை இல்லையே!

வீரத்தமிழன்_77

வியட்நாமையே ஆண்டவன் தமிழன். சோழர் கப்பற்படை நடு வியட்நாமில் இருந்த சம்பா நாடு வரை போய் மீ சோன் கோயிலைக் கட்டியது. இதை வழிகாட்டி சொன்னாரா? சொல்ல மாட்டார்கள்.

கல்வெட்டுப்பித்தன்

சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் நடக்கவில்லை.

ராசேந்திரன் 1025 வாக்கில் படை அனுப்பியது ஸ்ரீவிசயத்தின் மேல். கடாரம், சுமத்திரா பக்கம். சம்பா அதில் இல்லை. மீ சோனில் முதல் கோயில் எழுந்தது 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில். பிற்காலச் சோழர் தலையெடுக்க அப்புறம் நானூறு ஐநூறு வருடம் இருக்கிறது. கட்டியவன் பத்ரவர்மன் என்ற சம்பா அரசன். தன் பெயரையே சேர்த்து இறைவனுக்குப் பத்ரேசுவரன் என்று பெயர் வைத்தான். அந்த மரக் கோயில் தீயில் போக, 7-ஆம் நூற்றாண்டில் சம்புவர்மன் செங்கல்லால் எடுத்துக் கட்டினான், இறைவன் பெயர் சம்புபத்ரேசுவரன் ஆனது. 13-ஆம் நூற்றாண்டு வரை சம்பாவின் சாம் மக்கள் அங்கே கட்டிக்கொண்டே இருந்தார்கள். கல்வெட்டு மொழி சமசுகிருதமும் சாமும்.

தமிழ்த் தொடர்பு தேடுகிறவர்கள் கையில் எடுக்கும் உண்மையான சான்று வேறு. ந்யா சாங் அருகே கிடைத்த வோ கான் கல்வெட்டு. தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய சமசுகிருதக் கல்வெட்டுகளில் ஒன்று. அதில் 'ஸ்ரீமாற' என்ற அரசகுலப் பெயர் வருகிறது. பாண்டியரின் 'மாறன்' இதுதான் என்று சில ஆய்வாளர்கள் கருதினார்கள், வேறு சிலர் ஏற்கவில்லை. அந்த அளவில்தான் நிற்கிறது. அதை வைத்து மதுரையிலிருந்து கப்பல் விட வேண்டாம். கல் இப்போது ஹனோய் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் பாருங்கள், அதற்கு வழிகாட்டி வேண்டியதில்லை.

வணிகத் தொடர்பு, கலைத் தொடர்பு என்று பேசினால் நானும் உங்களோடு இரவு முழுக்க உட்காருவேன். 'ஆண்டான்' என்றால்தான் பெருமையா?

தேனிக்காரன்

நல்ல வேளை பித்தன் வந்தார்.

மீ சோன் பற்றி எழுதாமல் விட்டது என் தப்பு. வழிகாட்டி இருந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட ஒரே இடம் அது. ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். மற்ற பஸ்கள் எல்லாம் ஒன்பது பத்து மணிக்கு வரும் என்று அந்தப் பெண் எங்களைக் காலை ஐந்தரைக்கே கிளப்பிவிட்டார். நான் முனகிக்கொண்டுதான் ஏறினேன். ஏழு மணிக்கு உள்ளே நாங்களும் கூட்டிப் பெருக்குகிறவர்களும் மட்டும்.

பள்ளத்தாக்கு முழுக்கச் செங்கல் கோபுரங்கள், பாதி நின்றபடி, பாதி மேடாக. செங்கல்லுக்கு நடுவே சாந்து கண்ணுக்குத் தெரியவில்லை. நகத்தை நுழைக்கப் பார்த்தேன், நுழையவில்லை. மரப்பிசின் வைத்து ஒட்டினார்கள் என்று ஒரு கருத்து இருக்கிறதாம். பழைய சுவரில் பாசி ஏறவில்லை, இந்தக் காலத்தில் செப்பனிட்ட சுவரில்தான் ஏறியிருக்கிறது என்று காட்டினார்.

நடைபாதை ஓரத்தில் வட்டமாக ஒரு பள்ளம், புல் மூடி, நடுவில் தேங்கிய தண்ணீர். நான் குளம் என்று நினைத்தேன். "குண்டு விழுந்த பள்ளம்" என்றார். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் போட்டவை. இருந்ததிலேயே பெரிய கோபுரம் அதில்தான் தரைமட்டமானது. சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார், எங்களை அவசரப்படுத்தவில்லை.

நம் தொல்லியல் துறை ஆட்கள் பல ஆண்டுகள் அங்கே வேலை செய்திருக்கிறார்கள். 2020-இல் அவர்கள் தோண்டும்போது ஒரே மணற்கல்லில் செய்த 9-ஆம் நூற்றாண்டு லிங்கம் கிடைத்தது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். தூரத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைகோன்வாசி ஐயா, மாரியம்மன் கோயில் போகவில்லை. தெரியாது. இரண்டாம் நாளை, போரில் கெரில்லாக்கள் பதுங்கியிருந்த கு சி சுரங்கம் தின்றுவிட்டது. அங்கே போர்க்காலச் சாப்பாடு என்று வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும் வேர்க்கடலைப் பொடியும் கொடுத்தார்கள். எங்கள் பாட்டி வீட்டுச் சாயங்காலப் பலகாரம். பக்கத்துத் திடலில் காசு கட்டித் துப்பாக்கி சுடுகிறார்கள், அந்தச் சத்தத்தில் கிழங்கு இறங்கவில்லை.

நாணல்

நல்ல இழை. அப்பா அம்மாவை அனுப்ப யோசிக்கிறேன், அவர்களுக்கு 63, 58. இரண்டு சந்தேகம். ஒன்று, ஹாலாங் படகு பாதுகாப்பா? போன வருடம் ஒன்று கவிழ்ந்ததே. இரண்டு, அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி, தாத்தா பெயரும் ஊர்ப் பெயரும் எல்லாம் சேர்ந்து ஒரே பெயராக இருக்கிறது. இ-விசாவில் என்ன எழுதுவது?

சைகோன்வாசி

2025 ஜூலையில் நடந்தது அது. திடீரென்று அடித்த புயல்மழையில் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பகலில் சில மணி நேரம் சுற்றிக் காட்டும் படகு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வடக்கில் புயல் காலம், பெற்றோரை அப்போது அனுப்பாதீர்கள். வானிலை மோசம் என்றால் துறைமுகமே படகுகளை விடாது. விடாத நாளுக்குக் காசு திரும்புமா, எவ்வளவு திரும்பும் என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது என்று ஏறியதும் கேட்கச் சொல்லுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

நடு வியட்நாமுக்கு அக்டோபர், நவம்பர் வேண்டாம். ஹோய் ஆன் தெருவில் படகு விடுவார்கள், சுற்றுலாவுக்காக அல்ல, வெள்ளம். டெட் என்ற புத்தாண்டு வாரத்திலும் வேண்டாம், பாதிக் கடை மூடியிருக்கும்.

கோவைமாமி

விசா எங்களுக்கு இப்போதுதான் வந்தது, சூட்டோடு சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் குடும்பப் பெயர் காலி. பாஸ்போர்ட்டில் படத்துக்குக் கீழே அம்பு முனை மாதிரி '<' குறிகளோடு இரண்டு வரி இருக்கும் பாருங்கள், அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்து, அதே வரிசை. இனிஷியலை நீங்களாக விரிக்காதீர்கள். ஒரு எழுத்து மாறினாலும் விமான நிலையத்தில் ஏற்ற மாட்டேன் என்பார்கள். கட்டணம் ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை என்றால் 50. 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் விஎன்' என்று முடிய வேண்டும். தேடினால் மேலே வருவதெல்லாம் இடைத்தரகர். தப்பாக நிரப்பினால் காசு திரும்பாது, மறுபடி 25. பிறந்த தேதியை மூன்று தடவை சரிபாருங்கள். என் பெண் அதில்தான் கோட்டைவிட்டாள்.

பட்ஜெட்பாண்டி

எல்லாம் சரி. 'வீட்டில் வேறு தீர்ப்பு' என்று அண்ணன் நைசாக நழுவிவிட்டார். அண்ணி என்ன சொன்னார்? அதைச் சொல்லுங்கள்.

தேனிக்காரன்

வணக்கம். இது அவருடைய கணக்கு, நான் அவர் மனைவி எழுதுகிறேன். வீட்டுக் கணினியில் திறந்தே கிடந்தது, மொத்தமும் படித்துவிட்டேன். அவர் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்.

பாண்டி தம்பி கேட்டதால் சொல்கிறேன். இந்த 25 வருடத்தில் பழனி, திருச்செந்தூர், கொடைக்கானல், ஒரு தடவை காசி எல்லாம் போயிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து புளியோதரை கட்டுவது யார்? கேஸ் மூடினோமா, மோட்டார் அணைத்தோமா, மாமியார் மாத்திரை எடுத்தாச்சா, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர்? போன இடத்தில் 'அடுத்து எங்கே சாப்பிடலாம்' என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பது என் முகத்தைத்தான். ஒன்பது நாள் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. 8:15-க்குக் காரில் ஏறு என்றார்கள், ஏறினேன். இவருக்கு அது சிறை. எனக்கு அதுதான் லீவு.

ஹாலாங்கில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். சாயங்காலம் மேல்தளத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு பாறை வரும், பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும், அப்புறம் போய்விடும். பின்னால் இன்னொன்று. இவர் கீழே படுத்துக்கொண்டு கைப்பேசியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி எல்லாம் தெரிந்தவர் என்று சொல்ல மாட்டேன். ஹனோய்க்காரர் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். ஹோய் ஆன் பெண் அப்படி இல்லை. நான் அளவு ரவிக்கை ஒன்று கொண்டுபோயிருந்தேன், அங்கே இரண்டு நாளில் தைத்துத் தருவார்கள் என்று எங்கள் அக்கா மகள் சொல்லியிருந்தாள். தையல்கார அம்மா அதை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பாதித் துணியைக் காணோமே என்கிற மாதிரி ஏதோ கேட்டார். வழிகாட்டிப் பெண் தன் கைப்பேசியில் சேலை கட்டிய படத்தை எடுத்துக் காட்டி, முதுகைத் தொட்டு, இடுப்பைத் தொட்டு ஒருமணி நேரம் விளக்கினார். அட்டவணையில் அது இல்லை. கடைக்காரர் அவருக்கு எதுவும் கொடுத்ததாகவும் தெரியவில்லை. நாங்கள் மூன்று பெண்கள் சிரித்த சிரிப்பில் இவர் வெளியே போய்க் காபி குடித்தார்.

கடைசியாக ஒன்று. தாம் கோக்கில் நான் கண்ணாடி போட்டுத்தான் இருந்தேன். படகில் அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன், ஒன்றரை மணி நேரம் அவர் கால்தான் என் கண் முன்னால். இடது கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருந்தது. எனக்கும் அதே கால், அதே இடம். இவருக்குக்கூட நான் எடுத்துச் சொல்லித்தான் அது தெரியும். 500,000 என்று தெரிந்தேதான் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இவரிடம் அப்போதே சொன்னால் ஹோய் ஆன் வரைக்கும் கணக்குச் சொல்லிக்கொண்டு வருவார். அதனால் சொல்லவில்லை.

பட்ஜெட்பாண்டி

அண்ணி 🙏

சைகோன்வாசி

மேடம், அடுத்த முறை வந்தால் மாரியம்மன் கோயிலுக்கு நான் கூட்டிப் போகிறேன். கடை நிறுத்தம் கிடையாது. சாருக்கு வெளியே காபிக் கடை இருக்கிறது.

தேனிக்காரன்

இப்போதுதான் பார்த்தேன். நான்தான், அவர். என் முதல் பதிவில் 'போச்சு' என்று எழுதியதைத் திருத்தலாம் என்றால் நேரம் கடந்துவிட்டது என்கிறது. இருக்கட்டும்.

நாணல், உங்கள் பெற்றோரை வழிகாட்டியோடு அனுப்புங்கள். கடை வேண்டாம் என்று எழுதி வாங்குங்கள், திங்கள்கிழமையைச் சரிபாருங்கள். முடிவை அம்மாவிடம் கேட்டு எடுங்கள்.

நாணல்

நன்றி ஐயா. அம்மாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: ரவிக்கை பொருந்தியதா?

தேனிக்காரன்

கேட்டேன். "தோள் கச்சிதம், கை கொஞ்சம் பிடிக்கிறது, பிரிக்க உள்ளே துணி விட்டிருக்கிறார்கள்" என்கிறாள். கொக்கிக்குப் பதிலாகப் பொத்தான் வைத்துவிட்டார்களாம்.